தெரு விளக்கும் ஊராட்சியும்

நாட்டை ஆளும் பெருமன்றங்களைப் பற்றி நாள்தோறும் படிக்கின்றோம். அங்கே நிகழும் சொற்போர்களையும் அமைச்சர்கள் மாறுவதையும் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து நெடுநேரம் ஆராய்கின்றோம். ஆயின், காலையில் முகங்கழுவும் நீர் எங்கிருந்து வருகின்றது, கழுவிய நீர் எங்கே செல்கின்றது, இரவில் வீடு திரும்புங்கால் வழிகாட்டும் விளக்கை ஏற்றுவார் யாவர், தெருக்கோடியிற் குவிந்த குப்பையை அகற்றுவார் யாவர் என்னும் வினாக்களை நம்மிற் பலர் எழுப்புவதே இல்லை. நம் வாழ்க்கைக்கு மிக அணித்தாக நிற்கும் ஆட்சி எதுவோ, அதுவே நம் எண்ணத்திற்கு மிகச் சேய்மையில் நிற்கின்றது. இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்றிலேம். சென்ற சில விடுமுறைகளில், சென்னைக்கு மேற்கேயுள்ள பாரிவாக்கத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடந்து திரிந்தபொழுது கண்கூடாகக் கண்டோம். கண்டவற்றை எம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைத்தல் நலமென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

பாரிவாக்கம் எம் சிற்றன்னையார் வாழும் ஊர். பூந்தமல்லியினின்று ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரியும் ஏரியை அடுத்த வயல்களுமாகப் பண்டு விளங்கிய ஊர்கள் இப்பகுதியில் பல. அவ்வூர்களின் தோற்றம் இரண்டு தலைமுறைகளில் முற்றும் மாறிவிட்டது. 1961ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. அதனை அடுத்த ஆண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1998ஆம் ஆண்டு முதல், தென்மேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. பின்னர் வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் இப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. தொழிலைத் தேடி மக்கள் வந்தனர். மக்களுக்கு வீடுகள் எழுந்தன. வீடுகளுக்கு மணலும் செங்கல்லும் ஏற்றிய லாரிகள் வந்தன. அவற்றின் பின்னே தண்ணீர் லாரிகளும், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்களும், ஷேர் ஆட்டோக்களும் வந்தன. மாட்டு வண்டிக்கென அமைந்த தெருக்களோ பெரும்பாலும் அந்த அகலத்திலேயே நின்றுவிட்டன.

காலை எட்டு மணிக்கு ஆவடிச் சாலையின் ஓரத்தில் ஒருவர் கால் நாழிகை நின்றாற் போதும். இப்பகுதியின் இன்ப துன்பம் அனைத்தும் விளங்கும். பள்ளிச் சிறுவர் சாலையைக் கடக்கக் கைகோத்து நிற்பர். பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லாமையால் முதியோர் மூடிய கடையொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்குவர். மழை பெய்த மறுநாளாயின், தெருவிற்கும் பள்ளத்திற்கும் வேறுபாடு தெரியாது. அங்கே நிற்பவர் எவரைக் கேட்பினும், 'மெம்பரிடம் சொல்லியிருக்கிறோம்' என்னும் ஒரே விடை வரும். அந்த 'மெம்பர்' என்பார் யாவர், அவரால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சாலையை எடுத்துக்கொள்வோம். சாலை என்பது காண்பார்க்கு ஒன்றே. ஆயின் சட்டத்தின் கண்ணுக்கு அது பல. ஒருவர் தம் வீட்டு வாயிலினின்று பெங்களூர் நெடுஞ்சாலை வரை நடந்து செல்வதாகக் கொள்வோம். அவர் முதலில் மிதிக்கும் தெரு கிராம ஊராட்சிக்கு உரியது. இரண்டு ஊர்களை இணைக்கும் அடுத்த சாலை ஊராட்சி ஒன்றியத்திற்கு உரியது. அதன்பின் வருவது மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. இறுதியில் வரும் பெருஞ்சாலையோ நடுவண் அரசின் நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. இங்ஙனம் அரை மணி நேர நடையில் நால்வர் எல்லையைக் கடக்கின்றோம். அவ்வெல்லைகளைக் காட்டும் கல் எதுவும் வழியில் இல்லை. குழி எந்த எல்லையில் விழுந்தது என்பதைப் பொறுத்து, மனு செல்ல வேண்டிய அலுவலகம் மாறும். அதற்கான பணமும் வேறு கணக்கினின்று வரவேண்டும். மக்களோ இவற்றை அறியார். அவர்கள் அறிந்த கதவு ஒன்றே; அது தங்கள் தெருவில் வாழும் உறுப்பினரின் வீட்டுக் கதவு.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, கிராம ஊராட்சி கட்டாயமாகச் செய்ய வேண்டிய பணிகளைத் தொகுத்துக் கூறுகின்றது. நெடுஞ்சாலைகளும் ஒன்றியச் சாலைகளும் நீங்கலாக, ஊர்ச் சாலைகளையும் சிறு பாலங்களையும் அமைத்துப் பழுது பார்த்தல், வீடுகள் நிறைந்த இடங்களில் விளக்கிடுதல், வடிகால் அமைத்துக் கழிவுநீரைப் போக்குதல், தெருக்களைத் துப்புரவு செய்தல், பாழ்ங்கிணறுகளைத் தூர்த்தல், பொதுக் கழிப்பிடங்களையும், சுடுகாடு இடுகாடுகளையும் பேணுதல், குடிநீர் வழங்கல் ஆகியவை அவற்றுட் சில. சாலையோரத்தில் மரம் நடுதல், படிப்பகம், விளையாட்டுத் திடல், பூங்கா முதலியவற்றை அடுத்த பிரிவு விருப்பப் பணிகளாகக் கூறுகின்றது. இப்பட்டியலைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். பிறந்த குழந்தைக்கு வேண்டும் நீர் முதல், இறந்தார்க்கு வேண்டும் இடம் வரை எல்லாம் இதில் அடங்கியுள்ளன. ஆயின் இத்துணைக் கடமைகளுக்கும் உரிய பொருளோ, வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக் குழு வழியாக வரும் மானியம் முதலியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. கடமை ஏரியளவு, கையிருப்போ குடத்தளவு.

நிற்க. யாம் நேரிற் கண்ட ஒருவரைப் பற்றி ஈண்டுக் கூறுதல் பொருந்தும். எம் சிற்றன்னையாருக்குப் பழக்கமான அம்மையார் ஒருவர், பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வார்டு உறுப்பினராக இருந்தார். அவர் பெயரையும் ஊரையும் ஈண்டுக் கூறோம். அதனை அவர் விரும்பார். வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரத்தை வைத்துப் பிழைப்பவர். எட்டாம் வகுப்பு வரை கற்றவர். அவ்வியந்திரத்தின் இழுப்பறையில் நூற்கண்டுகளோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. அதனை எம்மிடம் விரித்துக் காட்டினார். நாள், தெரு, குறை, மனுக் கொடுத்த இடம், கிடைத்த மறுமொழி என ஐந்து பத்திகள் கோடிட்டு எழுதப்பட்டிருந்தன. ஐந்தாம் பத்தி பல இடங்களில் வெறுமையாகவே இருந்தது. வெறுமையாக இருந்த இடங்களுக்கு நேரே, இரண்டாம் முறை சென்ற நாளும் மூன்றாம் முறை சென்ற நாளும் சிறிய எழுத்திற் குறிக்கப்பட்டிருந்தன.

அந்நோட்டுப் புத்தகத்தில் ஒரு விளக்கின் வரலாறு மட்டும் இரண்டு பக்கங்களை நிரப்பியிருந்தது. அவ்வூரின் ஏரிக்கரையை ஒட்டிச் சாலை திரும்பும் இடத்தில் விளக்கு இல்லை. அங்கே யாரோ குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் ஒன்று மூடப்படாது கிடந்தது. கார்த்திகை மாதத்து மழையிரவில், பால் ஊற்றிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய முதியவர் ஒருவர் அதில் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். உறுப்பினர் மறுநாள் மனு எழுதத் தொடங்கினார். தெரு ஊராட்சியினது, திருப்பத்திற்கு அப்பாற் செல்லும் சாலை வேறு ஒருவரது, கம்பம் மற்றொருவரது, பள்ளம் வெட்டியவரோ யாவர் என்பதே தெரியவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டியது. 'தம்பி, பள்ளம் யாருடையது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுகிறார்கள். விழுந்தவர் மட்டும் எங்கள் ஊர்க்காரர். அதை யாரும் மறுக்கவில்லை' என்று அவ்வம்மையார் கூறினார். அவர் குரலிற் சினம் இல்லை. நெடுநாள் நடந்த களைப்பே இருந்தது.

விளக்கு எரிய ஏழு மாதங்கள் ஆயின. அதுவரை அவர் வாளாவிருந்தாரல்லர். தம் மகனை அழைத்துச் சென்று பள்ளத்தைச் சுற்றி மூங்கிற் கழிகளை நட்டார். தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து அவற்றிற் கட்டினார். மாலைதோறும் திருப்பத்தை அடுத்த வீட்டாரிடம் சென்று, 'அம்மா, வாசல் விளக்கைப் பத்து மணி வரை எரியவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். மின்கட்டணம் உயருமே என்று அவ்வீட்டார் தயங்கியபொழுது, மாதத்திற்கு ஒரு ரவிக்கை கூலியின்றித் தைத்துத் தருவதாக ஒப்பினார். அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் இச்செலவு எழுதப்படவில்லை. ஏழாம் மாதம் விளக்கு எரிந்த அன்று மாலை யாமும் அங்கே இருந்தோம். விழாவும் இல்லை, மாலையும் இல்லை. இடுப்பு முறிந்த முதியவர் கோலூன்றி வந்து கம்பத்தடியில் நின்று மேலே நோக்கினார். பிறகு, 'நல்லா இரும்மா' என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அவர் மீண்டும் சைக்கிளில் ஏறவில்லை. விளக்கு வந்தது, அவர் இழந்த நடை வரவில்லை. தெருவிற் செய்யவேண்டிய பணி ஏழு மாதம் தாழ்ப்பதன் விலை என்ன என்பதை அன்று அறிந்தோம்.

ஊர்ப் பணியை ஊராரே தெரிந்தெடுத்தவர் செய்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பணிக்கேற்ற வாரியங்கள் இருந்தன. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் எழுதப்படுதற்கு உரியரல்லர் என்னும் விதி நாம் இன்றும் போற்றத் தக்கது. அதே கல்வெட்டு, சொந்த நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமையை வரையறுத்ததையும் மறத்தல் ஆகாது. பின்னர் 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், 1884ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டங்களும் இக்காலத் தல ஆட்சிக்கு வித்திட்டன. இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் அளித்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளிற் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறியது. தையல் இயந்திரத்தைவிட வேறு சொத்தில்லாத அம்மையார் ஒருவர் ஊர் மன்றத்தில் அமர்ந்தது இப்பெருமாற்றத்தின் பயனேயாம்.

இம்மாற்றத்தால் விளையத்தக்க நன்மை எத்துணைப் பெரிது என்பதை அறியப் பாரிவாக்கத்தினின்று நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அதே பூந்தமல்லி ஒன்றியத்தில், பெங்களூர்ச் சாலைப் பக்கத்தில் உள்ளது குத்தம்பாக்கம். அவ்வூரில் ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்த இளங்கோ என்பார், வேதியியற் பொறியியல் கற்று, மத்திய அரசின் அறிவியல் தொழிலாராய்ச்சி மன்றத்திற் பணியாற்றியவர். நல்ல ஊதியத்தை விடுத்துத் தம்மூருக்கு மீண்டார். புதிய ஊராட்சிச் சட்டத்தின்கீழ் 1996ஆம் ஆண்டில் நடந்த முதற் றேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001ஆம் ஆண்டில் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டு 2006 வரை அப்பதவியில் இருந்தார்.

அவர் செய்தவற்றுள் வடிகாற் பணி குறிப்பிடத் தக்கது. தெருவிற் கழிவுநீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. ஒப்பந்தக்காரர் வழியாக வழக்கமான கல்லும் சிமென்டும் கொண்டு கட்டினாற் பெருஞ்செலவாகும். அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்று அறுத்துக் கழித்த கருங்கற் பலகைகள் வீணே கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து, ஊராரையே வேலையில் அமர்த்தி, வடிகாலை மிகக் குறைந்த செலவிற் கட்டினார். பயன் ஊருக்குக் கிடைத்தது. கூலியும் ஊரிலேயே தங்கியது. ஆயின் ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டில் எழுதிய பொருள் வேறு, கட்டிய பொருள் வேறு என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவியினின்று நிறுத்திவைக்கப்பட்டார். பொதுப் பணத்தை மிச்சப்படுத்தியதே குற்றமாயிற்று. அவர் மனந்தளர்ந்து ஒதுங்கினாரல்லர். கணக்கை ஊர்ச் சபையின் முன் வைத்தார். ஊரார் அவர் பக்கம் நின்றனர். விசாரணைக்குப் பின் பதவி மீண்டது.

இங்கே ஒரு நுட்பத்தை உற்று நோக்குதல் வேண்டும். மதிப்பீட்டின்படி நடக்க வேண்டுமென்னும் விதி தீயதன்று. களவைத் தடுக்கவே அது பிறந்தது. ஆயின் களவு செய்பவரைப் பிடிக்க விரித்த வலையில், சிக்கனஞ் செய்பவர் அகப்படுதலும் உண்டு. அவ்விருவரையும் பிரித்தறிய வல்லது தொலைவிலுள்ள அலுவலகமன்று. நாள்தோறும் அவ்வடிகாலைத் தாண்டி நடக்கும் ஊராரே. ஆகவே ஊர்ச் சபையின் முன் திறந்து வைத்த கணக்கே நேர்மையுடைய உறுப்பினருக்குக் கவசம். உத்தரமேரூரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதியதும் இதுவேயன்றோ?

குத்தம்பாக்கத்தில் வடிகாலோடு பணி நிற்கவில்லை. ஒரே சுவரை நடுவே கொண்ட இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பக்கத்தில் ஆதி திராவிடர் குடும்பமும், மறு பக்கத்தில் பிற வகுப்பார் குடும்பமும் குடியேறின. நம் ஊர்களில் தெரு என்பது நடக்கும் வழி மட்டுமன்று. மனிதரைப் பிரித்து வைத்த கோடும் ஆகும். குழாய் எந்தத் தெருவில் முதலில் வந்தது, விளக்கு எந்தத் தெருவோடு நின்றது, சிமென்டுச் சாலை எந்த எல்லையில் முடிந்தது என்று நோக்கினால், அவ்வூரின் நெஞ்சம் விளங்கிவிடும். ஆதலின் சாலையும் விளக்கும் வெறும் வசதிகளல்ல. எவரை ஊர் தன் மக்களாகக் கருதுகின்றது என்பதற்கு அவை சான்றுகள். ஊராட்சித் தலைவரால் தெருவைத் திருத்தவும் முடியும், தெருக்களுக்கிடையே உள்ள தூரத்தைக் குறைக்கவும் முடியும் என்பதைக் குத்தம்பாக்கம் காட்டியது.

மேற்கூறிய இருவரும் கல்வியில் வேறுபட்டவர், புகழில் வேறுபட்டவர். பொறியியல் கற்றவர் ஒருவர். தையற் கலை ஒன்றே கற்றவர் மற்றவர். எனினும் இருவரிடத்தும் மூன்று குணங்கள் ஒத்திருக்கக் கண்டோம். தம் ஊரை வண்டியிலிருந்து பாராது கால்நடையாகச் சென்று கண்டனர். மனு எழுதியதோடு கடமை தீர்ந்ததெனக் கொள்ளாது, காரியம் முடியும் வரை தொடர்ந்தனர். செய்ததையும் செய்ய இயலாததையும் ஊராரிடம் மறையாது உரைத்தனர். நான்காவதாக ஒரு குணம் வேண்டுமென எமக்குத் தோன்றவில்லை.

இனி, மக்கள் கடமையையும் சிறிது நோக்குவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிற் கிராம சபை கூட வேண்டுமென்று 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வகுத்தது. வாக்காளர் எவரும் அங்கே எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். கற்ற இளைஞரோ அந்நாட்களை விடுமுறையாக மட்டுமே எண்ணுகின்றனர். சபைக்கு வருவோர் பெரும்பாலும் முதியோரும், ஊரக வேலைத் திட்டத்திற்குச் செல்லும் பெண்டிருமே. படிக்கத் தெரிந்தவர் வாராத இடத்திற் கணக்கைப் படித்துக் காட்டுவதால் யாது பயன்?

உறுப்பினர் இல்லாத காலத்திலேதான் உறுப்பினரின் அருமை விளங்கும். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிகளுக்கு உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலேயே தேர்தல் நடந்தது. அவ்வாறு வந்தவர்களின் ஐந்தாண்டுப் பதவியும் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அலுவலர் திறமையுடையவராகவே இருக்கலாம். ஆயின் நள்ளிரவிற் குழாய் உடைந்தால் அவர் வீட்டுக் கதவு எங்கே உள்ளதென ஊரார் அறியார். பதவி முடிந்த பின்னர் எம் தையற்கார அம்மையாரைக் காணச் சென்றோம். திண்ணையில் இருவர் காத்திருந்தனர். 'நான் இப்போது மெம்பர் இல்லை என்று சொன்னால், அதனால் என்ன, மனு எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள், தம்பி' என்று கூறி, நோட்டுப் புத்தகத்திற் புதிய பக்கத்தைத் திருப்பினார்.

நண்பர்காள்! நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் பட்டம் பெற்று வெளியேறுகின்றோம். நம்மில் ஆட்சிப் பணியை நாடுவோர் பலர். சட்டமன்றத்தைக் கனவு காண்போர் சிலர். தம் தெருவின் உறுப்பினராக விரும்புவோர் எத்துணையர்? அப்பதவியிற் பொருளும் இல்லை, பெரும்புகழும் இல்லை. பொறுமையைச் சோதிக்கும் அலைச்சலே மிகுதி. ஆயினும் ஒருவர் இருளில் விழாது வீடு சேர்ந்தார் எனின், அதற்குக் காரணமாயினார் செய்தது சிறு பணியாகாது. உறுப்பினராக இயலாதவரும் அடுத்த கிராம சபைக்குச் சென்று அமரலாம். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதித் தரலாம். எந்தச் சாலை எவருக்கு உரியது என்பதை விசாரித்து ஊராருக்கு அறிவிக்கலாம். கற்ற கல்வி நம்மைத் தெருவினின்று பிரித்துவிடுமாயின் அக்கல்வியால் தெருவிற்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. இவ்விடுமுறையில் ஊர் திரும்புவோர், தம் தெருவை ஒருமுறை முனையினின்று முனைவரை மாலைப்பொழுதில் நடந்து பார்ப்பாராக. எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்பதை எண்ணி வருவாராக.